மூன்று முறை கூப்பிட்டாயிற்று

அந்த நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில் இருபத்தாறு வருடமாக வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரை எல்லோரும் இடி என்றுதான் சொன்னார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

குடும்ப வழக்குகள் நடக்கிற மாடி அது. நீளமான நடை, சுவரோரம் மரப் பெஞ்சுகள். நடையின் இந்தக் கோடியில் நீதிபதி உட்காரும் அறை. அந்தக் கோடியில் ஒரு ஜன்னலும் குடிதண்ணீர்க் குழாயும். நடுவில் அறுபது எட்டு வைத்து நடக்கிற தூரம் இருக்கும். இடி அறை வாசற்படியில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்று, ஒவ்வொரு வழக்குக்கும் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். ஆள் வந்தால் உள்ளே விடுவார். வராவிட்டால் திரும்பி, நீதிபதியைப் பார்த்து மூன்று விரலைத் தூக்கிக் காட்டித் தலையை ஆட்டுவார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி 'அழைத்தும் ஆஜராகவில்லை' என்று எழுதிவிட்டு, வந்திருக்கிற கட்சிக்குச் சாதகமாக முடித்துவிடுவார். அந்த மூன்று விரலை யாரும் கேள்வி கேட்டதில்லை.

அவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. டீ குடிக்கப் போனவன் படியேறி ஓடி வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மூன்றாவது கூப்பாட்டை முடித்துவிடுவதில் அவருக்குத் தனி ருசி உண்டு. மூச்சிரைக்க வந்து நிற்பவனிடம் விரலைக் காட்டுவார், அவ்வளவுதான். வீட்டிலும் அதே அதிகாரம்தான். முன்னறையிலிருந்து தண்ணீர் கேட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். "பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டுவந்து குடுத்துடப்போறாங்க, கொஞ்சம் மெதுவாத்தான் கேளுங்களேன்" என்று மனைவி முப்பது வருடம் சொல்லிப் பார்த்தாள். மெதுவாகக் கேட்பது என்பது அவருக்குத் தெரியாத கலை.

ஐம்பத்தைந்தாவது வயதில் நெஞ்சுக்குள் வலி வந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், வளைந்து கீழே இறங்குகிற இடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது, எந்த நேரமும் வெடிக்கலாம் என்றார்கள். மார்பெலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வீங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, துணிக்குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். எட்டு மணி நேரம் ஆனது. ஆள் பிழைத்தார்.

மூன்றாம் நாள் தொண்டையில் செருகியிருந்த சுவாசக் குழாயை எடுத்ததும் அவர் தண்ணீர் கேட்டார். வாய் அசைந்ததே தவிர வெறும் காற்றுதான் வந்தது. நர்ஸ் அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஒரு மடக்குக் கொடுத்தாள். அது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. கம்பி போட்டுக் கட்டிய மார்போடு இருமினார். நடை நிறைந்த கூட்டத்தை அதட்டி உட்கார வைத்த மனிதர், ஒரு மடக்குத் தண்ணீருக்குக் கண்ணீர் விட்டு அழுதார்.

குழாய் இருந்ததால் வந்த கரகரப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொன்னார்கள். இரண்டு வாரம் போயிற்று. பிறகு தொண்டை டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா சின்ன வயசு, தேன் தடவிப் பேசத் தெரியாதவள். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, திரையில் அவருடைய குரல்வளையை அவருக்கே காட்டினாள். இரண்டு வெள்ளைப் பட்டைகள், அவைதான் குரல் நாண்கள். 'ஆ' என்று சொல்லச் சொன்னபோது வலதுபக்கப் பட்டை நடுவுக்கு ஓடி வந்தது. இடதுபக்கப் பட்டை விழுந்தது விழுந்தபடி கிடந்தது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி, அதன் வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது.

இடதுபக்கக் குரல் நாணுக்குப் போகும் நரம்பு, தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, அந்தப் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருகிறது என்று டாக்டர் விளக்கினாள். "உங்க உயிரைக் காப்பாத்தின இடத்துலதான் அந்த நரம்பும் இருந்திருக்கு. இழுபட்டிருந்தா ஏழெட்டு மாசத்துல தானா வரலாம். அறுந்திருந்தா வராது."

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னாள். செத்துக் கிடக்கிற நாணில் கூழ் மாதிரி ஒரு மருந்தை ஊசியால் ஏற்றினால் அது பருத்து நடுவுக்கு வரும், மற்ற நாண் வந்து அதைத் தொடும், குரல் பிறக்கும். அரை மணி நேர வேலை. மூன்று மாதம் தாங்கும். அதற்குள் நரம்பு தேறாவிட்டால் நிரந்தரமாக ஒரு அறுவை இருக்கிறது.

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஊசிக்குப் பயம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டாள். பயம் ஊசியிடம் இல்லை. ஊசிக்கு விடுப்பு எடுத்து, தொண்டை டாக்டரின் சான்றிதழ் அலுவலகத்துக்குப் போனால் அது தலைமை எழுத்தர் மேஜைக்குப் போகும். நெஞ்சு ஆபரேஷன் என்றால் அனுதாபம். குரல் போய்விட்டது என்றால் இடமாற்றம். குரல் இல்லாத ஆளை வாசலில் நிறுத்த முடியாது, தரைக்குக் கீழே பழைய வழக்குக் கட்டுகள் வைத்திருக்கிற அறைக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே போனவர்களுக்கு மேலே இருக்கிற யாரும் வணக்கம் சொல்வதில்லை. அந்த வாசற்படியை விட்டால் தான் யாருமே இல்லை என்பது இடிக்கு நன்றாகத் தெரியும். தானாக வரும் என்று டாக்டரே சொன்னாளே, வரட்டும் என்று இருந்துவிட்டார்.

வீட்டில் மனைவி அவருக்கு ஒரு டம்ளரும் கரண்டியும் கொடுத்திருந்தாள். ஏதாவது வேண்டுமென்றால் தட்ட வேண்டும். அவர் தட்டுவார், அவள் தன் வேலையை முடித்துக்கொண்டு நிதானமாக வருவாள். ஒரு நாள் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தபிறகு வந்து, "காது கேட்டுச்சு. முப்பது வருஷம் ஓடி வந்தாச்சு, இன்னைக்கு நடந்து வந்தேன்" என்றாள். அவர் மறுமொழி சொல்ல வாயைத் திறந்து, காற்றை விட்டு, மூடிக்கொண்டார். ஆனாலும் மோவாயை மார்பில் ஒட்டி வைத்துக்கொண்டு விழுங்க வேண்டும், தண்ணீரைக் கெட்டியாக்கிக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைத்தவள் அவள்தான்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். நெஞ்சு ஆபரேஷன் ஆன ஆள் மெதுவாகத்தானே பேசுவார் என்று ஆரம்பத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவரும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். காலையில் பட்டியலை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போய் யார் யார் எந்த வழக்கு என்று பார்த்துக்கொள்வார். அடுத்து வரப்போகிற ஐந்து வழக்குக்காரர்களை வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார். பிறகு வாசற்படியில் நின்று கையை வாய்க்குப் பக்கம் வைத்து, பழைய தோரணையில், காற்றை விடுவார். பக்கத்தில் இருக்கிறவர் எழுந்து போவார். முன்பெல்லாம் வழக்குக்காரர்களை நாயை விரட்டுகிற மாதிரி விரட்டியவர் இப்போது கையைப் பிடித்து உட்கார வைக்கிறாரே, சாவைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் மாறிவிட்டார் என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மாதம் வண்டி ஓடியது. ஒரு நாள் காலை தலைமை எழுத்தர் அவரைக் கூப்பிட்டு, கூப்பிடுவது காதில் விழவில்லை என்று ஒரு வக்கீல் புகார் சொன்னதாகச் சொன்னார். "இன்னொரு தடவை இந்தப் பேச்சு என் காதுக்கு வந்துச்சுன்னா, கீழ ரூம்தான். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

அன்றைக்குப் பட்டியலில் இருபத்து மூன்றாவது வழக்கு ஒரு தையல்காரியுடையது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவள். ஏழு வயதுப் பையன் அவளிடம் இருந்தான். எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிற புருஷன், பையனைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தான். ஆறு வாய்தா நடந்திருந்தது. ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை. அரை நாள் விடுப்பு எடுத்து முதல் ஆளாக வந்து உட்காருவாள். இருபத்து மூன்றாவது என்றால் எப்படியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல்தான் ஆகும் என்று, அன்றைக்கு அவள் ஜன்னலோரம், வெளிச்சம் பார்த்து, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பையனின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வக்கீல் கீழ் மாடியில் வேறு வழக்கில் இருந்தார்.

அன்றைக்கென்று பார்த்து ஒன்பது வழக்குகளில் வரிசையாக வாய்தா கேட்டார்கள். பட்டியல் சரசரவென்று ஓடியது. ஆட்களைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்க இடிக்கு நேரமே கிடைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு நீதிபதி இருபத்து மூன்று என்றார்.

இடி வாசற்படியில் நின்றார். அறுபது எட்டு தள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில், தலை குனிந்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள் அவள். அவர் கூப்பிட்டார். தண்ணீர்க் குழாயில் யாரோ பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சத்தத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. இரண்டாவது முறை மார்புக் கம்பி வலிக்க இழுத்துக் கூப்பிட்டார். பக்கத்துப் பெஞ்சிலிருந்த கிழவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

போய்த் தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் அரை நிமிஷ வேலை. ஆனால் உள்ளே நீதிபதி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். புருஷனின் வக்கீல் வாசலைப் பார்த்தபடி நின்றார். தலைமை எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருடத்தில் கூப்பிடுகிறவர் படியை விட்டு இறங்கிப் போய் ஒருவரை அழைத்து வந்ததை யாரும் பார்த்ததில்லை. இறங்கினால், குரல் எட்டவில்லை என்று மூன்று பேருக்கும் தம் காலாலேயே நடந்து காட்டின மாதிரி. அவளாகத் திரும்பிப் பார்த்துவிட மாட்டாளா என்று அவர் பார்த்தார். அவள் அடுத்த பொத்தானை எடுத்தாள். மூன்றாவது முறை கூப்பிட்டார். பிறகு உள்ளே திரும்பி, மூன்று விரலைத் தூக்கித் தலையை ஆட்டினார்.

நீதிபதி இரண்டு நிமிஷத்தில் எழுதி முடித்தார். பையன் தகப்பனிடம்.

இரண்டு மணிக்கு அவள் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அண்ணே, என் கேஸ் எப்போ வரும்?"

அவர் சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. "என்னண்ணே?" என்று காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"முடிஞ்சுபோச்சும்மா" என்று அந்தக் காதுக்குள் சொன்னார். அவள் புரியாமல் சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அவர் தலைமை எழுத்தரின் மேஜையைக் கையால் காட்டிவிட்டு, அடுத்த வழக்குக்காரரைத் தேடுகிறவர் மாதிரி நகர்ந்தார். அங்கே அவள் போட்ட சத்தம் நடை முழுக்கக் கேட்டது.

அன்று சாயங்காலமே வீட்டில் மனைவியிடம் சொன்னார். மனசு தாங்கவில்லை என்று சொல்லலாம், பயம் தாங்கவில்லை என்றும் சொல்லலாம். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி, காற்றாக, முழுக்கச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "நாளைக்குக் காலைல போய் ஜட்ஜுகிட்ட சொல்லிடுங்க. கீழ ரூம்ல போட்டா போடட்டும். சோறு எங்கேயிருந்தாலும் சோறுதான்." சொல்கிறேன் என்று தலையாட்டினார். மறுநாள் காலை நேரே தொண்டை டாக்டரிடம் போனார், ஊசி போட்டுக்கொள்ள.

கழுத்தை மரக்க வைத்து, திரையைப் பார்த்தபடி டாக்டர் மருந்தை ஏற்றினாள். இருபது நிமிஷம் ஆனது. எழுந்து உட்கார்ந்து பேசியபோது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தாலும் குரல் குரலாக வந்தது. அறுபது எட்டுக்குக் கேட்கும். "இதை மூணு மாசம் முன்னாடியே போட்டிருக்கலாம். நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றாள் டாக்டர். சொந்த வேலை என்று எழுதிக் கொடுத்து அவர் எடுத்த ஒரு நாள் விடுப்பு அது. சான்றிதழ் கேட்க யாருமில்லை. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

அந்த வாரமே புருஷன் போலீஸ்காரரோடு வந்து பையனை அழைத்துக்கொண்டு போனதாக வக்கீல்கள் பேசிக்கொண்டதைக் கேட்டார். பையன் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றானாம். அவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் சாப்பிட்டார்.

ஊசியின் வேகம் குறையக் குறைய மறுபடி ஏற்றிக்கொண்டார். ஒன்பதாவது மாதம் டாக்டர் கேமராவில் பார்த்துவிட்டு, இனி அந்த நரம்பு வராது, நிரந்தரமாகச் செய்துவிடலாம் என்றாள். இதற்கும் சொந்த வேலை என்றே விடுப்பு எழுதினார். கழுத்தில் சின்னக் கீறல் போட்டு, குரல்வளைக் குருத்தெலும்பில் ஜன்னல் மாதிரி ஓட்டை வைத்து, அதன் வழியாக ஒரு துண்டை நுழைத்து, கிடக்கிற நாணை நடுவுக்குத் தள்ளி நிறுத்துவார்கள். இதில் நோயாளி தூங்கக் கூடாது. பேசப் பேசத்தான் துண்டைச் செதுக்கி அளவு சரிபார்க்க முடியும்.

கழுத்துத் திறந்து கிடக்க, முகத்தைத் துணி மறைக்க, அவர் ஒன்று இரண்டு எண்ணினார். டாக்டர் துண்டை எடுத்துச் செதுக்கி மறுபடி வைத்தாள். கரகரவென்றது. இன்னும் கொஞ்சம். "சும்மா எண்ண வேண்டாம். உங்க வேலையில எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க."

இருபத்தாறு வருடத்தில் ஆயிரக்கணக்கான பெயர்களைக் கூப்பிட்டவருக்கு வாயில் வந்தது அந்தத் தையல்காரியின் பெயர். முதல் தடவை உடைந்தது. டாக்டர் ஒரு இழை நகர்த்தினாள். இரண்டாவது தடவை நேராக வந்தது. இன்னும் ஒரு இழை. மூன்றாவது தடவை அறையின் எஃகுத் தட்டுகள் அதிர்ந்தன. "இதுதான்" என்றாள் டாக்டர் சந்தோஷமாக. "இப்படியே வெச்சுத் தெச்சுடறேன்."

அவர் வீட்டுக்கு வந்து முன்னறையிலிருந்து தண்ணீர் கேட்டார். மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். "குரல் வந்தாச்சு. இனிமேலாவது அந்தப் பொண்ணுக்காக வாயைத் திறங்க" என்றாள். அவர் ஒரே மடக்கில் குடித்து முடித்தார், இருமல் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த வழக்கு பட்டியலில் வந்தது. தான் அன்றைக்கு நடையிலேயே உட்கார்ந்திருந்ததாகவும், கூப்பிட்டது காதில் விழவில்லை என்றும், தீர்ப்பை ரத்து செய்து மறுபடி விசாரிக்க வேண்டும் என்றும் அவள் போட்ட மனு, சுற்றிச் சுற்றி அப்போதுதான் வந்திருந்தது. பழைய நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. இடி வாசலில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டார். முதல் கூப்பாட்டுக்கே வந்துவிட்டாள். பாதியாக இளைத்திருந்தாள்.

அவளுடைய வக்கீல் எழுந்து, கூப்பிட்ட ஊழியருக்கு அந்தச் சமயம் குரல் சரியில்லை என்று சொன்னார். புருஷனின் வக்கீல், அதற்கு ஒரு துண்டுக் காகிதம் ஆதாரம் உண்டா என்று கேட்டார். இல்லை. சான்றிதழ் அலுவலகத்துக்குப் போகவே இல்லையே. நீதிபதி தலைமை எழுத்தரைப் பார்த்தார். இடிக்குக் குரல் போயிருந்தது தலைமை எழுத்தருக்குத் தெரியும். தெரிந்தும் அவரை வாசலில் வைத்திருந்தது யார் என்ற கேள்வி தன் தலைக்கு வரும் என்பதும் தெரியும். அவர் வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றாள் அவள், வக்கீல் கையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல். "அன்னைக்கு உங்களுக்குக் குரலே இல்லையே. என் காதுக்குள்ளதானே சொன்னீங்க. சொல்லுங்கண்ணே."

நீதிபதி இடியைப் பார்த்து, அன்றைக்குக் கூப்பிட்டீர்களா என்று கேட்டார்.

சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுத் தழும்பை மறைத்திருந்தார் இடி. உண்மையைச் சொன்னால் கீழ் அறை மட்டுமில்லை, பொய்யாக விரல் காட்டியதற்கு வேலையே போகும். ஆனால் அவர் அப்போது அதையெல்லாம் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாசற்படியில் நிற்கிறார், ஒரு கேள்வி கேட்கிறார்கள், குரல் இருக்கிறது. வாயைத் திறந்தார்.

"மூணு தடவை கூப்பிட்டேன் ஐயா. யாரும் வரலை."

அது பொய்யும் இல்லை. டாக்டர் செதுக்கிக் கொடுத்த குரல் அறையின் நாலு சுவரிலும் மோதியது. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்தார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டுப் புன்னகைத்தார்.

"இந்தக் குரலா உங்களுக்குக் கேக்கலைன்னு சொல்றீங்க?"

வக்கீல்கள் சிரித்தார்கள். மனு தள்ளுபடி ஆனது.

அவள் இடியின் கழுத்துப் பொத்தானையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டி வெளியே போய், நடையில் சுவரைப் பிடித்தபடி நடந்தாள். இடி படியில் நின்று பட்டியலைப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஜன்னல்வரை போயிருந்தவள் அந்தச் சத்தத்துக்கு நின்று, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பி, வாசலை நோக்கி வேகமாக நாலு எட்டு வைத்தாள். அவர் கண்ணை எடுத்து மேலே பார்த்துக்கொண்டு, அந்த இன்னொரு பெயரை இரண்டாவது முறையும் கூப்பிட்டார்.